லீனியர் அல்ஜீப்ரா பேப்பர்ல மார்க் எங்கேருந்து வருது, அத எப்படி விடாம எடுக்கறது

போன ரிசல்ட் அன்னைக்கு தண்டையார்பேட்டையில என்கிட்ட டியூஷன் வர்ற தங்கச்சி ஒன்னு அழுதுகினே வந்துச்சு. இன்டெர்னல் 24, எக்ஸ்டெர்னல் 28, கூட்டுனா 52 வருதேக்கா, அப்புறம் ஏன் யூ, அதாவது ஃபெயில் கிரேடு, போட்டுக்கீறாங்கன்னு கேட்டுச்சு. பாஸ் கணக்கு எப்படி போடுவாங்கன்னு அதுக்கு யாருமே உக்கார வச்சு சொல்லல, அதான் எனக்கு மனசு கேக்கல, எல்லாருக்கும் சேத்து இங்க எழுதுறேன்.

மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு கீழ இருக்கற காலேஜ்ல பி.எஸ்சி படிக்கிறவங்களுக்கு இன்டெர்னல், அதாவது காலேஜ்லயே போடற மார்க், 25, எக்ஸ்டெர்னல், அதாவது செமஸ்டர் எக்ஸாம் மார்க், 75. மொத்தமா 40 வந்தா மட்டும் போதாது, எக்ஸ்டெர்னல்ல தனியா 40 சதவீதம், அதாவது 75க்கு 30 எடுத்தே ஆகணும். இன்டெர்னல்ல 25க்கு 25 வாங்கி வச்சிருந்தாலும் எக்ஸ்டெர்னல் 29 னா அரியர் தான். எக்ஸாம தானே நடத்திக்கற அட்டானமஸ் காலேஜ்னா கணக்கு மாறும், அண்ணா யுனிவர்சிட்டி இன்ஜினியரிங் 2021 ரெகுலேஷன் பசங்களுக்கு தியரி பேப்பர்ல இன்டெர்னல் 40, எக்ஸ்டெர்னல் 60. அதனால உன் ரெகுலேஷன் புக்க எடுத்து அந்தப் பக்கத்த மட்டும் போட்டோ புடிச்சு போன்ல வச்சுக்கோ, சீனியர் சொன்னாங்கன்னு நம்பாத, அவங்க பேட்ச் ரெகுலேஷன் வேறயா இருக்கும். ஐஐடிங்க நடத்தற என்பிடெல்ல ஆன்லைன் கோர்ஸ் எடுக்கறவங்களுக்கும் இதே கதை தான், அசைன்மென்ட்ல 25க்கு 10, எக்ஸாம்ல 75க்கு 30, ரெண்டும் தனித்தனியா வந்தாதான் சர்டிபிகேட்.

இன்டெர்னல் பத்தி சொல்லணும்னா அது டெஸ்ட்டு, அசைன்மென்ட், செமினார், அட்டெண்டன்ஸ் இதெல்லாம் சேந்து வர்றது, எதுக்கு எவ்ளோன்னு செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே மேடம்கிட்ட கேட்டு நோட்டு கடைசி பக்கத்துல எழுதிக்கோ. திருத்தின டெஸ்ட் பேப்பர தூக்கி போடாத, என்ட்ரி போடும்போது தப்பு நடக்கும், எனக்கே ஒரு செமஸ்டர்ல 21 வரவேண்டியது 12 னு ஏறிடுச்சு, திருத்தின பேப்பர் கையில இருந்ததால தான் மாத்தி வாங்க முடிஞ்சுது. இன்டெர்னல் லிஸ்ட்டுல கையெழுத்து போட சொல்லும்போது அவசரப்படாம ஒருவாட்டி கூட்டிப்பாத்துட்டு போடு.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். 90 நாள் வேலை நாள்னா 68 நாள் வரணும், உன் கையில 22 நாள் தான் இருக்கு. நம்ம ஏரியா பசங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்ல, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு போட்டா பஸ்ஸு அங்கேயே நிக்கும், காசிமேட்டுல விடியகாலைல ஏலத்துக்கு அப்பா கூட போய்ட்டு வர்ற பையனுக்கு ஃபர்ஸ்ட் ஹவர் போயிடும், நவம்பர்ல மழை புடிச்சா கணேசபுரம் சுரங்கப்பாதைல தண்ணி நின்னு வியாசர்பாடியில இருந்து வெளிய வரவே முடியாது. அந்த 22 நாளும் மழைக்கும் காய்ச்சலுக்கும் தேவைப்படும், ஜூலை ஆகஸ்ட்லயே செலவு பண்ணிடாத. 75க்கு கீழ போயிட்டா 65 வரைக்கும் காண்டனேஷன் ஃபீஸ், அதாவது அட்டெண்டன்ஸ் குறைய மன்னிச்சு விடறதுக்கான காசு, கட்டி எழுதலாம், ஆனா அந்த காசு வீட்டுல யார் கட்டுறதுன்னு யோசிச்சுக்கோ.

இப்ப எக்ஸ்டெர்னல், இங்க தான் நிறைய பேர் மார்க்க விட்டுட்டு வர்றாங்க. நான் எழுதின பேட்டர்ன்ல ரெண்டு மார்க் பத்து, அஞ்சு மார்க் அஞ்சு, பத்து மார்க் மூணு, அதாவது 20 பிளஸ் 25 பிளஸ் 30. பாஸுக்கு வேணும்ங்கற 30 எங்கேருந்து வரும்னு பாரு, ரெண்டு மார்க்ல 14, அஞ்சு மார்க்ல மூணு ஒழுங்கா எழுதினா 15, வந்துச்சு 29, பத்து மார்க்ல ஒரு கணக்க பாதி போட்டாலே தாண்டிடலாம். பயந்துகினு பத்து மார்க் தியரத்த மட்டும் மனப்பாடம் பண்றவங்க தான் ரெண்டு மார்க்ல கோட்ட விடுறாங்க.

ரெண்டு மார்க்ல டெபினிஷன் வார்த்தை மாறாம வேணும். எக்ஸ் பிளஸ் ஒய் ஈக்வல் டு 1 ங்கற கோடு சப்ஸ்பேஸான்னு கேட்டா, இல்ல, ஜீரோ வெக்டர் அதுல இல்ல, முடிஞ்சுது, ஒரே வரி. ரேங்க் பிளஸ் நல்லிட்டி ஈக்வல் டு காலம் எண்ணிக்கை, ரோ எண்ணிக்கை இல்ல, இத வருஷா வருஷம் மாத்தி எழுதுறாங்க. மூணு ரோ அஞ்சு காலம் மேட்ரிக்ஸுக்கு ரேங்க் 2 னா நல்லிட்டி 3, ஒன்னு இல்ல.

கணக்குல ஸ்டெப் மார்க் இருக்கு, அத நம்பு. ரோ ஆபரேஷன் பண்ணும்போது பக்கத்துலயே ஆர்2 மைனஸ் 3 ஆர்1 னு எழுதிட்டே போ, நடுவுல ஒரு கழித்தல் தப்பா போனாலும் மெத்தட் சரின்னு திருத்துறவங்களுக்கு தெரியும், மார்க் போட ஒரு இடம் கிடைக்கும். வெறும் மேட்ரிக்ஸ் மேல மேட்ரிக்ஸா எழுதிட்டு கடைசி விடை தப்புன்னா அவங்களும் என்ன பண்ணுவாங்க பாவம், கட்டு கட்டா பேப்பர் இருக்கும் அவங்க முன்னாடி.

விடைய சரிபாக்கறதுக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கு, லீனியர் அல்ஜீப்ரா மாதிரி விடைய நீயே சரிபாத்துக்கற பேப்பர் வேற எதுவும் இல்ல, எனக்கு இந்த சப்ஜெக்ட் ரொம்ப புடிக்க காரணமே அது தான். முதல் ரோ 4, 1, ரெண்டாவது ரோ 2, 3 னு ஒரு மேட்ரிக்ஸ் குடுத்து ஐகன் வேல்யூ கேக்கறாங்கன்னு வை. உனக்கு 5, 2 வந்துச்சுன்னா கூட்டிப்பாரு 7, மூலைவிட்டத்துல இருக்கற 4, 3 கூட்டுனாலும் 7. பெருக்கிப்பாரு 10, டிடர்மினன்ட் 12 மைனஸ் 2 அதுவும் 10. ரெண்டும் ஒத்து போச்சுன்னா தைரியமா அடுத்த கணக்குக்கு போகலாம், ஒன்னு ஒத்துப்போகலன்னா கூட எங்கயோ தப்பு. அதே மேட்ரிக்ஸுக்கு கேலி ஹாமில்டன் தியரம் வச்சு இன்வர்ஸ் கேட்டா ஏ ஸ்கொயர் மைனஸ் 7 ஏ பிளஸ் 10 ஐ ஈக்வல் டு ஜீரோ (இங்க ஏ அந்த மேட்ரிக்ஸ், ஐ ங்கறது ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ்), அதுலேருந்து இன்வர்ஸ்னா 7 ஐ மைனஸ் ஏ, மொத்தத்தையும் 10 ஆல வகுக்கணும், மேல ரோ 3, மைனஸ் 1, கீழ ரோ மைனஸ் 2, 4, எல்லாம் பத்தால வகுத்தது. ஏ கூட பெருக்கிப் பாரு ஐடென்டிட்டி வரும். வெக்டர்கள ஒன்னுக்கொன்னு செங்குத்தா மாத்தற கிராம் ஷ்மிட்லயும் அப்படித்தான், (1,1,0), (1,0,1) குடுத்தா ரெண்டாவது (1/2, மைனஸ் 1/2, 1) ஆகும், முதலாவது கூட டாட் ப்ராடக்ட் போடு, ஜீரோ வரணும், வரலன்னா அங்கயே திருத்திடு, அத வச்சுகினு மூணாவது வெக்டருக்கு போனா மொத்தமும் போச்சு.

ப்ரூஃப் முழுசா மறந்துட்டா கூட காலியா விட்டுட்டு எழுந்து வராத. என்ன குடுத்துருக்காங்க, என்ன நிரூபிக்கணும், அதுக்கு டெபினிஷன் என்ன, இந்த மூணையும் எழுது, பாதி நேரம் டெபினிஷன் எழுதும்போதே அடுத்த வரி தானா ஞாபகம் வந்துடும். வீட்டுல உக்காந்து படிக்க எடம் இல்லன்னா கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி எடத்துல போய் உக்காந்து பழைய கொஸ்டின் பேப்பர மூணு மணி நேரம் டைம் வச்சு எழுதிப்பாரு, படிக்கறது வேற எழுதறது வேற.

மெட்ராஸ் யுனிவர்சிட்டி ரிசல்ட்ல ஓ கிரேடுன்னா 90லேருந்து, டி பிளஸ் 80லேருந்து, டி 75லேருந்து. டி னு பாத்துட்டு பயப்படாத, அது டிஸ்டிங்ஷன், எங்க வீட்டுல எங்கம்மா கூட கம்மி மார்க்குன்னு நெனச்சாங்க. 62 எடுத்தா கிரேட் பாயின்ட் 6.2, அத பேப்பரோட கிரெடிட்டால பெருக்கி எல்லா பேப்பருக்கும் கூட்டி, மொத்த கிரெடிட்டால வகுத்தா அது தான் உன் ஜிபிஏ. கோர் பேப்பருக்கு கிரெடிட் அதிகம், அதனால லீனியர் அல்ஜீப்ராவுல பத்து மார்க் ஏத்தறது சின்ன பேப்பர்ல ஏத்தறத விட உனக்கு லாபம்.

எக்ஸ்டெர்னல் 28, 29 ல நின்னு போயிருந்தா உடனே ரீவேல்யுவேஷன், அதாவது பேப்பர மறுபடி திருத்த சொல்றதுக்கான டேட்ட பாரு, அதுக்கு குடுக்கற நாள் ரொம்ப கம்மி. முதல்ல ஆன்சர் ஸ்கிரிப்ட் போட்டோகாபி வாங்கி கூட்டல் சரியா இருக்கா, எந்தப் பக்கமாவது திருத்தாம விட்டுருக்காங்களான்னு பாத்துட்டு அப்புறம் ஃபீஸ் கட்டு. அந்த தங்கச்சிக்கு வந்த போட்டோகாபில ஒரு அஞ்சு மார்க் கணக்கு பின்பக்கம் எழுதினது திருத்தாமயே இருந்துச்சு, இப்ப அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கு.