சோர்ந்த கோழிக்குஞ்சுக்கு முதலில் மருந்து அல்ல, சூடு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் குஞ்சு வளர்க்கும் பலர், பெட்டிக்குள் ஒரு குஞ்சு மட்டும் கண்ணை மூடி ஒதுங்கி நின்றால் உடனே அதன் வாயைத் திறந்து எதையாவது புகட்டப் பார்ப்பார்கள். சிலர் அலுமாரியில் கிடக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பார்கள். வேண்டாம். பொரித்த முதல் சில நாட்களில் குஞ்சு சோர்வதற்குக் குளிரும் தண்ணீர் குடிக்காததும் மிகச் சாதாரணமான காரணங்கள். ஆகவே சூடு, தண்ணீர், பின்பக்கம், தீன் என்ற வரிசையில் போங்கள். உடல் குளிர்ந்த குஞ்சு சரியாகக் குடிக்காது, தின்றாலும் செரிக்காது.

படி 1: நோயா, தூக்கமா?

புதுக்குஞ்சுகள் கழுத்தை நீட்டி, செத்தது போலக் கிடந்து தூங்கும். முதல்முறை வளர்ப்பவர்கள் பயந்துபோவது இதில்தான். விரலால் மெல்லத் தொடுங்கள். எழுந்து ஓடினால் சரி, விட்டுவிடலாம். எழும்பாமல் சிறகைத் தொங்கவிட்டால், கால் குளிர்ந்திருந்தால், ஓயாமல் கீச்சிட்டால் தனியே எடுங்கள். மற்றக் குஞ்சுகள் பலவீனமானதைக் கொத்தும், மிதிக்கும்.

படி 2: சூடு

சிறிய அட்டைப்பெட்டி ஒன்று போதும். அடியில் பழைய துணியை விரியுங்கள். வழுக்கும் பத்திரிகைத் தாள் கூடாது, கால் விரிந்துபோகும். அரிசி ஆலை உமி நம்மிடம் தாராளமாகக் கிடைக்கும்; ஆனால் தீனுக்கும் உமிக்கும் வித்தியாசம் தெரியாத வயதில் அதைக் கொத்தித் தின்னும். முதல் சில நாட்களுக்கு உமியின் மேல் துணி இருக்கட்டும்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் பல்பைத் தொங்கவிடுங்கள். மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால்தான் சூடு கூடும்போது குஞ்சு ஒதுங்க முடியும். எல்.ஈ.டி பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய மஞ்சள் குண்டு பல்ப், 40 அல்லது 60 வாட், வேண்டும். அது துணியிலோ அட்டையிலோ படக்கூடாது. முதல் வாரம் பல்பின் கீழே, குஞ்சின் முதுகு மட்டத்தில், சுமார் 35 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகையளவு குறைக்கலாம்.

வெப்பமானி இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்பின் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். வாயைப் பிளந்து, சிறகை விரித்து, மூலைக்கு ஓடினால் வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் பல்பை அணைக்க வேண்டியே வரும். அந்த வெக்கையில் பல்பும் எரிந்தால் குஞ்சு சூட்டிலேயே செத்துப்போகும். மார்கழி மழையில் இதற்கு நேர்மாறு: கரண்ட் போனால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மண்ணெண்ணெய் விளக்கை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அசையாத குஞ்சை அது விடாது.

படி 3: தண்ணீர்

உடம்பு சூடேறிய பின், ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி கரையுங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இருந்தால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் விட்டுக் கரையுங்கள். அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள், தானே விழுங்கும். சிரிஞ்சால் தொண்டைக்குள் அடிக்கக்கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே இருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து நடந்ததும் சாதாரணத் தண்ணீருக்கு மாற்றுங்கள். மூழ்காமல் இருக்க மூடி போன்ற தட்டையான பாத்திரத்தில் கூழாங்கல் போட்டு வையுங்கள்.

படி 4: பின்பக்கம்

எச்சம் காய்ந்து வழியை அடைத்திருந்தால் குஞ்சு கழிக்க முடியாமல் செத்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். துடைத்த இடத்தை உலர்த்திவிட்டே பெட்டியில் விடுங்கள். வயிற்றின் கீழே நடுவில் தெரியும் காய்ந்த பொருக்கு தொப்புள். அதைத் தொடவே வேண்டாம். தொப்புள் வீங்கி, ஈரமாகி, நாற்றமடித்தால் அது கிருமித்தொற்று. அப்படியான குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

படி 5: தீனும் காலும்

வயிற்றில் மஞ்சட்கரு மிச்சம் இருப்பதால் பொரித்த முதல் இரண்டு நாள் தின்னாவிட்டாலும் தாங்கும். அதன்பின் குஞ்சுத்தீனை வெந்நீரில் குழைத்து விரல்நுனியில் காட்டுங்கள். அவித்த மஞ்சட்கரு துளியளவு கொடுக்கலாம். குறுணல் மட்டும் போட்டு வளர்த்தால் சத்துப் போதாது. குழைத்த தீன் நமது வெயிலில் சீக்கிரம் புளிக்கும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கால்கள் இரு பக்கமும் விரிந்தால் ஒட்டும் பிளாஸ்டரை நீளவாட்டில் மெல்லியதாக வெட்டி, நிற்கும் அகலத்தில் இடைவெளி விட்டு இரு கால்களையும் இணையுங்கள். முதல் நாட்களிலேயே செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

எப்போது வைத்தியரிடம்?

ஒரே நாளில் பல குஞ்சுகள் சோர்ந்தால், எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், வெள்ளைக் கழிச்சல் பரவினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, பக்கத்திலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். செத்த குஞ்சைப் பொலித்தீனில் கட்டி, குளிர்ச்சியாக வைத்து எடுத்துப் போனால் காரணம் கண்டுபிடிக்க உதவும். குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் அதைக் கொஞ்சி முத்தமிட விடாதீர்கள், சல்மொனெல்லா என்ற கிருமி தொற்றும்.

தானே தின்று குடித்து ஓடத் தொடங்கியதும் மற்றக் குஞ்சுகளோடு விடலாம். பகலில் விடுங்கள், அப்போதுதான் கொத்துகின்றனவா என்று அரை மணி நேரம் பக்கத்திலிருந்து பார்க்க முடியும்.