டிஎல்எஸ் சோதனைக் கிளையன்ட்: எங்கே கோட்டை விடுகிறோம்?

சர்வரின் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கி, சர்வர் யாரென்று சான்றிதழால் உறுதிசெய்யும் நெறிமுறை) சரியாக இருக்கிறதா என்று பார்க்க பைத்தானில் இருபது வரி போதும். ஆனால் இணையக் கூடாத சர்வரிடமும் அந்த இருபது வரி இணைந்துவிட்டால், எழுதியதே வீண்.

சான்றிதழ் பிழை வந்ததும் சரிபார்ப்பை அணைக்கும் வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவதுதான் பெரிய தவறு. நானும் 'இப்போதைக்கு' என்று போட்டேன். பல மாதம் கழித்து, காலாவதியான சான்றிதழுக்கும் என் ஸ்கிரிப்ட் 'ஓகே' சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூலில் டிஃபால்ட் கான்டெக்ஸ்டை எடுத்தால் சான்றிதழ் சங்கிலி, ஹோஸ்ட் பெயர் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய பாடங்களில் மாட்யூலிலிருந்து நேரடியாக அழைக்கும் ராப்-சாக்கெட் ஃபங்ஷன், நாம் கேட்காவிட்டால் எதையும் சரிபார்க்காது, பைத்தான் 3.12-இல் அதைத் தூக்கியே விட்டார்கள். அலுவலகத்துக்குச் சொந்தமாக சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) இருந்தால் அதன் கோப்பைக் கான்டெக்ஸ்டில் ஏற்றினால் போதும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் கருவித்தொகுப்பில் உள்ள எஸ்-கிளையன்ட் கட்டளையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கோளாறு தேடும் கருவி என்பதால், 'வெரிஃபை எரர்' என்று ஒரு வரி காட்டிவிட்டு இணைப்பைத் தொடரும். ஹோஸ்ட் பெயரையும் நாம் தனியாகக் கேட்டால்தான் ஒப்பிடும்.

அப்புறம் எஸ்என்ஐ. ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கும்போது, எந்தத் தளம் வேண்டும் என்று கைகுலுக்கலின் (டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்கும் செய்திப் பரிமாற்றம்) முதல் செய்தியிலேயே சொல்ல வேண்டும்; அதுதான் எஸ்என்ஐ. சொல்லாவிட்டால் வேறு தளத்தின் சான்றிதழ் வரலாம். பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துத் தரும் லோடு பேலன்சருக்குப் பின்னால் உள்ள ஒரு சர்வரை மட்டும் சோதிக்க வேண்டுமா? சாக்கெட்டை ஐபிக்கு இணைத்து, சர்வர் ஹோஸ்ட்நேமில் டொமைன் பெயரைக் கொடுங்கள்.

மின்னஞ்சல் அனுப்பும் 587-ஆம் போர்ட்டில் எடுத்த எடுப்பில் டிஎல்எஸ் பேசினால் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று வரும். உடனே பதிப்பு எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பதிப்பில் கோளாறே இல்லை: அங்கே முதலில் சாதாரணமாகப் பேசி, ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டளையால் கேட்டு, பிறகுதான் டிஎல்எஸ்ஸுக்கு மாற வேண்டும். தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் பேசுவது 465.

ஒரே ஒரு ரிசீவ் அழைப்பில் முழுப் பதிலும் வரும் என்று நினைக்காதீர்கள்; காலியாக வரும்வரை சுற்றுங்கள். எச்டிடிபி 1.1 சர்வர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் என்பதால் 'கனெக்ஷன்: க்ளோஸ்' ஹெடரும், ஐந்து விநாடி டைம்அவுட்டும் வைத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் வேண்டுமென்றே தவறான சான்றிதழ்களை வைத்திருக்கும் பேட்எஸ்எஸ்எல் தளத்தின் காலாவதி, தவறான ஹோஸ்ட், செல்ஃப்-சைன்டு (தனக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழ்) பக்கங்களில் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் தோற்க வேண்டும், ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எக்ஸிட் கோடும் 0 (வெற்றி என்று பொருள்) ஆக இருக்கக் கூடாது. பிழையைப் பிரின்ட் செய்துவிட்டு 0 திருப்பினால் சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ பைப்லைன் பச்சையைத்தான் காட்டும்.