புகையும் குறைய, நைட்ரஜன் ஆக்சைடும் குறைய: டீசல் எஞ்சினில் பி20 பயோடீசல்

டீசல் எஞ்சினில் கரும்புகையைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு ஏறும். அதை இறக்கினால் புகை கூடும். இந்த இழுபறியைத் தளர்த்தவே தாவர எண்ணெய் போன்றவற்றை மாற்றிச் செய்யும் பயோடீசல். டீசலில் 20 சதவீதம் அதைக் கலந்தால் பி20. பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் என்பதால், காற்று எட்டாத இடத்திலும் கரி குறைவாகவே உருவாகும்.

முதலில், எரிபொருளை நாசில் வழியே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர். சொட்டும் நாசிலுக்கு எந்த எரிபொருளும் மருந்தாகாது. பீய்ச்சல் அழுத்தத்தையும் ஏர் பில்டரையும் சரிபார்த்துவிட்டே மேலே போங்கள்.

பயோடீசலையும் சோதியுங்கள். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். முழுவதும் கரைந்து தெளிந்தால் நல்லது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் அது சரியாக மாறாத எண்ணெய், நாசிலில் கரி கட்டும். மெத்தனால் நச்சு, கையுறை போட்டு, நெருப்பில்லாத வெளியிடத்தில் செய்யுங்கள்.

80 லிட்டர் டீசலை முதலில் ஊற்றி, அதன் மேல் 20 லிட்டர் பயோடீசலை ஊற்றுங்கள். பயோடீசல் கனமானது, முதலில் ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும். பழைய டேங்கில் ஒட்டிய அழுக்கை அது கரைத்து இழுத்துவரும். எஞ்சின் இழுவை குறைந்தால் பம்பைக் கழற்றாதீர்கள், பில்டரை மாற்றுங்கள். இரண்டு மாற்று பில்டராவது கைவசம் இருக்கட்டும். பழைய ரப்பர் குழாய்கள் உப்பிக் கசியும். வைட்டான் என்ற செயற்கை ரப்பர் குழாய் தாங்கும். செம்பும் பித்தளையும் எரிபொருளைச் சீக்கிரம் கெடுக்கும்.

அடுத்தது டைமிங், அதாவது எரிபொருள் பீய்ச்சும் நேரம், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பயோடீசல் எளிதில் அமுங்காது. அதனால் மெக்கானிக்கல் பம்பில் அழுத்தம் நாசிலை முன்கூட்டியே எட்டி, பீய்ச்சலும் சற்று முந்தும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். டைமிங்கை ஒரு டிகிரி பின்தள்ளி, லோடு கொடுத்துப் புகையை அளவிடுங்கள். புகை கூடாமல் இடமிருந்தால் இன்னொரு டிகிரி. அதற்கு மேல் போனால் சைலன்சர் சூடேறும், டீசல் செலவும் கூடும். பயோடீசல் குறைத்துக் கொடுத்த புகைதான் இந்தத் தாமதத்துக்கு இடம் தருகிறது. பீய்ச்சலை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சினில் இந்த முந்தல் மிகக் குறைவு. அங்கே டைமிங்கைத் தொட வேண்டாம்.

இதற்கு மாறாக, முன்கூட்டியே பீய்ச்சி, குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் புகைவாயுவை (ஈஜிஆர்) நிறையக் கலந்து, எரிபொருளும் காற்றும் நன்கு கலந்தபின் பற்றவிடும் புதிய முறையில் இரண்டு மாசுமே குறையும். ஆனால் லோடு ஏறினால் எஞ்சின் தட்டும். லோடு குறைந்தால் கார்பன் மோனாக்சைடு கூடும். ஸ்பேனரால் இதைச் செய்ய முடியாது, எஞ்சினின் கணினியான ஈசியூ நொடிக்கு நொடி கட்டுப்படுத்த வேண்டும்.

கரித்துகள் வடிகட்டி உள்ள வண்டியில் ஆயில் டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யத் தாமதமாகப் பீய்ச்சும் எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். பயோடீசல் எளிதில் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். ஆயில் மட்டம் ஏறினால் உடனே மாற்றுங்கள்.