மதுரை வெயிலில் சிங்கிள் மால்ட்: முகர்ந்து, ருசித்து, ஒப்பிடும் முறை

சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைத் தனியாக ஊற்றிக் குடித்தால் அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் தெரியவராது. அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்து மாறி மாறி முகரும்போதுதான் ஒன்றில் இருக்கும் வாழைப்பழ மணமும் மற்றொன்றில் இருக்கும் விறகுப் புகையும் தனித்தனியாகப் பிடிபடும். ஆகவே இதில் இறங்க விரும்புபவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, விலை கூடிய ஒரு பாட்டிலுக்குப் பதிலாக நடுத்தர விலையில் குணம் வேறுபட்ட இரண்டு பாட்டில்களை, இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள் என்பதுதான். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்பாலான பானை வடிகலன்களில் வடித்தெடுப்பது சிங்கிள் மால்ட். ‘சிங்கிள்’ என்ற சொல் ஒரே வடிசாலை என்பதைக் குறிக்கிறது. ஒரே பீப்பாய் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2009ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அது குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. லேபிளில் 12 ஆண்டு என்று போட்டிருந்தால், அதில் கலந்திருக்கும் விஸ்கிகளில் வயது குறைந்ததற்கு 12 ஆண்டு என்று அர்த்தம். நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் அதிகம் விற்பவற்றில் பெரும்பாலானவை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், அந்தப் பழக்கத்தோடு இதை அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும்.

முதல் பாடம் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். வெளிநாட்டார் எழுதும் ருசிக் குறிப்புகளில் ஹெதர் பூ, டாஃபி, பிளாக்பெர்ரி என்றெல்லாம் வரும். ஹெதர் பூவை நம்மில் எத்தனை பேர் முகர்ந்திருக்கிறோம்? முகராத ஒன்றை விஸ்கியில் தேடினால் கிடைக்காது. கிடைத்ததாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு காலை நேரத்தில் கீழமாசி வீதிக்குப் போய், பலசரக்குக் கடைகளில் கிராம்பு, ஜாதிக்காய், உலர்திராட்சை, பேரீச்சம்பழம், கருப்பட்டி, பொரிகடலை ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தாலே மூக்கு விழித்துக்கொள்ளும்.

இது வெறும் உவமைக்காகச் சொல்வதல்ல, பொருளிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. பார்லிச் சாறு நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள் உண்டாகிறது. நன்றாகப் பழுத்த சிறுமலை வாழைப்பழத்தை உரிக்கும்போது எழும் மணத்திலும் அதே பொருள் இருக்கிறது. கிராம்பு மணத்துக்குக் காரணமான யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது. அமெரிக்க ஓக்கில் மிகுதியாக இருக்கும் லாக்டோன்கள் துருவிய தேங்காயின் வாசத்தைத் தருகின்றன. பீப்பாயின் உட்புறத்தைச் சுடும்போது மரத்திலிருந்து வனிலின் வெளிப்படுகிறது. புகை வாசத்தில் குவாயகாலும், டிஞ்சரை நினைவூட்டும் வாசத்தில் கிரெசால்களும் இருக்கின்றன. ஆகவே “இதில் சிறுமலைப் பழ வாசம் அடிக்கிறது” என்று நீங்கள் எழுதினால், அது எந்த வெளிநாட்டுக் குறிப்புக்கும் குறைந்தது அல்ல.

மதுரைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘அறை வெப்பநிலையில் அருந்துக’ என்று எழுதும்போது அவர்கள் மனதில் இருப்பது 18 அல்லது 20 டிகிரி. சித்திரையில் நம் வீட்டுக் கூடம் இரவு எட்டு மணிக்கும் 34 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு கிளம்பி மூக்கைக் குத்தும். மற்ற மணங்கள் அதன் பின்னால் மறைந்துவிடும். உடனே ஐஸ் போடுவது இதற்குத் தீர்வாகாது, ஏனென்றால் மிகுந்த குளிரில் மணங்கள் எழும்புவதே இல்லை. நான் செய்வது மிக எளியது. ஒரு பாத்திரத்தில் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, அதில் பாட்டிலைக் கழுத்தளவு நிற்க வைத்து அரை மணி நேரம் விட்டுவிடுவேன். நம் ஊர்க் காற்று வறண்டது என்பதால் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும்; பாட்டிலும் ஏறக்குறைய அந்தக் குளிர்ச்சிக்கே வந்துவிடும். கையில் பிடித்தால் சில்லென்று இருக்க வேண்டும், வியர்க்கக் கூடாது. அதுதான் பதம்.

அறையைப் பற்றியும் ஒரு சொல். சாம்பிராணி போட்ட வீட்டிலும், தாளிப்பு மணம் சுற்றும் நேரத்திலும் ஒப்பிட முடியாது. மல்லிகைச் சரம் இருக்கும் அறையில் எந்த விஸ்கியும் மல்லிகை போலத்தான் மணக்கும். நம் ஊர் மல்லிக்கு அவ்வளவு வலு. அதே போல, கறிதோசை சாப்பிட்ட கையோடும் சோழவந்தான் வெற்றிலை போட்ட வாயோடும் உட்காராதீர்கள். சாப்பாட்டுக்கு முன், அரை வயிற்றோடு, மாலை ஆறரை மணிக்கு மேல் மொட்டை மாடியில் காற்று அடங்கிய இடமாகப் பார்த்து உட்காருவது எனக்கு ஒத்துவந்திருக்கிறது.

கிளாஸ் வயிறு பருத்து வாய் குறுகியதாக இருக்க வேண்டும். இதற்கென்றே 2001இல் சந்தைக்கு வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சிறிய ஒயின் கிளாஸே போதும். அகன்ற வாயுள்ள கிளாஸில் மணம் தங்காது. முக்கியமானது, ஒப்பிடும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிளாஸ் வேண்டும் என்பதுதான்.

ஒவ்வொன்றிலும் 15 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஊற்றியதும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு கிளாஸை முதலில் நாடிக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக முகருங்கள். வாய் மூடியிருந்தால் ஆல்கஹாலின் காரம் மூக்கில் ஏறிவிடும். அடுத்து உதட்டளவு, பின்பு மூக்கருகே. ஒவ்வொரு உயரத்திலும் வேறு வேறு மணம் வரும். மூக்கு களைத்துவிட்டால் உங்கள் முழங்கையின் உட்புறத்தையோ துவைத்த பருத்தித் துண்டையோ ஒருமுறை முகர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்குப் பிறகு ஒரு சிறு மிடறு. உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவவிட்டுப் பத்து எண்ணும் வரை வைத்திருங்கள். முதல் மிடறில் எரிச்சல்தான் தெரியும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இரண்டாவது மிடறிலிருந்துதான் கணக்கு. விழுங்கிய பின் தொண்டையில் எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் சேர்ப்பதை இழிவாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. 2017இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரிகளைக் கொண்டு, தண்ணீர் சேர்த்து ஆல்கஹால் குறையும்போது குவாயகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி நகர்வதைக் காட்டினார்கள். மேற்பரப்புக்கு வந்தால் மூக்குக்கு எட்டும். 50 சதவீத விஸ்கி 20 மில்லியை 43 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 மில்லி தண்ணீர் போதும். குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் டிராப்பரால் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்துப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீரில் கவனம் வேண்டும். நான் தொடக்கத்தில் ஒரு நாள் அவசரத்தில் போர்வெல் தண்ணீரைச் சேர்த்துவிட்டேன். அந்த உப்பு நாக்கில் ஏறி, அன்றைய இரண்டு கிளாஸ்களும் வீணாகப் போயின. ருசியே இல்லாத குடிநீர்தான் இதற்கு ஏற்றது. தண்ணீர் பட்டதும் சில விஸ்கிகள் லேசாகக் கலங்கும். குளிர்வித்து வடிகட்டாமல் அடைத்தவற்றில் கொழுப்பு அமில எஸ்டர்கள் தங்கியிருப்பதால் அப்படி ஆகிறது. அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

நிறத்தை நம்ப வேண்டாம். ஸ்காட்ச் விஸ்கியில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

இனி எதை எதோடு வைப்பது என்று பார்ப்போம். முதல் ஜோடி பீப்பாயைப் புரிந்துகொள்வதற்கானது. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கிக்குப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை பயன்பட்ட அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. கிளென்மோரஞ்சி ஒரிஜினல் அப்படிப்பட்ட பீப்பாய்களில் ஊறியது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் ஊறியது கிளென்ட்ரோனக் 12. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முன்னதில் வனிலாவும் தேங்காயும் ஆரஞ்சுத் தோலும், பின்னதில் உலர்திராட்சையும் பேரீச்சையும் கிராம்பும் எழும். கீழமாசி வீதியில் வாங்கி வந்தவை இப்போது பக்கத்தில் இருந்தால் சோதித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தொகுப்பு புகைக்கானது, இதில் மட்டும் மூன்று விஸ்கிகள். பீட் என்பது செடிகொடிகள் சதுப்பில் பல நூற்றாண்டுகள் மக்கி உருவான மண். அதை எரித்து அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்தினால் பீனால் பொருள்கள் தானியத்தில் படிகின்றன. அதன் அளவை பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். ஐலா தீவின் லஃப்ராய்க் பயன்படுத்தும் பார்லியில் அது 40க்கு மேல். ஆனால் அது தானியத்தில் எடுத்த கணக்கு, கிளாஸில் இருப்பது அதைவிடக் குறைவு. கிளென்லிவெட் 12, டாலிஸ்கர் 10, லஃப்ராய்க் 10 என்று இந்த வரிசையிலேயே செல்லுங்கள். புகை குறைந்ததிலிருந்து கூடியதற்குத்தான் போக வேண்டும். திரும்பி வர முடியாது. எங்கள் மாடியில் முதன்முறையாக லஃப்ராய்க்கை முகர்ந்த தம்பி ஒருவர் கிளாஸைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, “அண்ணே, இது சின்ன வயசுல முட்டிக்கால்ல அடிபட்டா எங்கம்மா போட்ட டிஞ்சர் வாசம்ணே” என்றார். புத்தகம் எதுவும் படிக்காமல் அவர் சொன்னது மிகச் சரியான குறிப்பு.

மூன்றாவது ஜோடிதான் என் மனதுக்கு நெருக்கமானது: ஸ்காட்லாந்தும் நம் நாடும். பெங்களூருவின் அம்ருத் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவில்தான் அறிமுகம் செய்தது. கோவாவின் பால் ஜான் 2012இல் லண்டனில் அறிமுகமானது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூருவில் அது 10 முதல் 12 சதவீதம் வரை போகிறது. 100 லிட்டர் வைத்தால் 4 ஆண்டில் அங்கே 92 லிட்டர் எஞ்சும், இங்கே 63 லிட்டர்தான் மிஞ்சும். வெப்பத்தில் விஸ்கி மரத்துக்குள் வேகமாகப் புகுந்து சாரத்தை எடுத்துக்கொண்டு வருவதால், மொட்டை மாடி வெயிலில் ஊறுகாய் சீக்கிரம் பக்குவப்படுவதைப் போல, 4, 5 ஆண்டுகளிலேயே அது முதிர்ந்துவிடுகிறது. ஆகவே வயதை வைத்து இந்திய மால்ட்டை எடைபோடுவது நியாயமாகாது. அம்ருத் ஃபியூஷன் இந்திய பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியையும் சேர்த்துச் செய்தது. 50 சதவீத வலு கொண்டது. அதை டாலிஸ்கர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் மரச் சாரத்தின் அடர்த்தியும், கருப்பட்டியை ஒத்த இனிப்பும் எனக்கு எப்போதும் தனியாகத் தெரியும்.

ஒரே அமர்வில் மூன்றுக்கு மேல் வேண்டாம், நான்காவதை நாக்கு ஏற்பதில்லை. குறிப்பேட்டில் மணம், நாக்கில் பட்டது, விழுங்கிய பின் நின்றது என மூன்று வரி எழுதினால் போதும். மதிப்பெண் போடும் ஆசையை ஓராண்டு தள்ளிவையுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு மறைத்து ஒப்பிடுங்கள். குடிக்காத ஒருவரிடம் ஊற்றச் சொல்லி, கிளாஸின் அடியில் எண் ஒட்டச் சொல்லுங்கள். மற்றவர் எழுதி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் ‘வாழைப்பழம்’ என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வாழைப்பழமே மணக்கும். நான் பெரிதாக மதித்துவந்த 18 ஆண்டு விஸ்கியை இப்படி ஒரு நாள் மூன்றாவது இடத்தில் வைத்தேன். அடுத்த மாதம் மறுபடியும் செய்தபோதும் அதே இடம்தான் வந்தது. விலையையும் பெயரையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

மீதமிருக்கும் பாட்டிலை நம் ஊரில் பத்திரப்படுத்தத் தெரிய வேண்டும். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் வலுவான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும், ஆகவே நிற்க வைக்க வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி பங்குனியிலிருந்து ஆடி வரை அடுப்பு போலச் சுடும் என்பதால் வீட்டின் நடு அறையில், வெயில் படாத கீழ்த்தட்டில் வையுங்கள். கார்க் காய்ந்து திறக்கும்போது உடையாமல் இருக்க, மாதம் ஒருமுறை பாட்டிலைச் சாய்த்துக் கார்க்கை நனைத்து நிமிர்த்துங்கள். கால்வாசிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று நிறைந்து மணம் மங்கத் தொடங்கும். அதைச் சிறிய கண்ணாடிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பி இறுக மூடி, மேலே பெயரும் தேதியும் எழுதி வைத்தால், அடுத்த ஒப்பீட்டுக்கு அது பழைய குணத்தோடு கிடைக்கும்.