பழைய காரின் எஞ்சினைக் கெடுக்கும் தவறுகள்

பழைய காரை வாங்கியவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, விற்றவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவது. "போன மாதம்தான் ஆயில் மாற்றினேன்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ரசீதோ சர்வீஸ் புத்தகத்தில் பதிவோ இல்லையென்றால், அந்த வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்போதும் விட்டுப்போவது, எஞ்சினுக்குள் பிஸ்டன்களும் வால்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட். எல்லா எஞ்சினிலும் இது இருக்காது. சிலவற்றில் அதே வேலைக்குச் செயின் இருக்கும். உங்கள் காரில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் அறுந்துபோகும் முன் பெரும்பாலும் எந்தச் சத்தமும் கொடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். கூலன்ட்டைச் சுற்றிவரச் செய்யும் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் சுழல்வதாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. இல்லையேல் நாளை அதற்காக மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

"வண்டி அதிகம் ஓடவில்லையே, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும்?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. குறைந்த தூரமே ஓடும் காரில்தான் ஆயில் சீக்கிரம் கெடுகிறது. எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுவதால், உள்ளே சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. கையேட்டில் கிலோமீட்டர், மாதம் என இரண்டு கணக்கும் இருக்கும். எது முன்னதாக வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.

இரண்டு சர்வீசுக்கு நடுவே ஆயில் அளவைப் பார்க்காமல் விடுவதும் தவறு. பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுங்கள். அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்: எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு ஆயிலைக் கடைந்து நுரைக்கவைக்கும், ஆயில் அழுத்தம் குறையும்.

கூலன்ட் குறைந்தால் பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கத்தை விடுங்கள். அவசரத்துக்கு ஊற்றினாலும் விரைவில் சரியான கூலன்ட்டுக்கு மாறிவிடுங்கள். வெறும் தண்ணீர் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகட்டை) சோதிக்கச் சொல்லுங்கள்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த மெக்கானிக் கடை வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதே அதன் பொருள். எஞ்சினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துபோகச் சில நிமிடங்களே போதும். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். குச்சியில் ஆயில் சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால், வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.