வாங்கிய படங்கள் வீட்டுக் கணினியில் ஓட: அங்கீகாரம் கொடுப்பதும் திரும்பப் பெறுவதும்

ஆப்பிளின் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய படம், ஐபோனில் நன்றாக ஓடிவிட்டு, வீட்டுக் கணினியில் மட்டும் அங்கீகாரம் கேட்டு நின்றுவிடுகிறது என்று உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். படக்கோப்பில் பழுது ஏதும் இல்லை. அந்தக் கடையின் படங்களும் தொடர்களும் ஃபேர்பிளே என்னும் பூட்டோடுதான் வருகின்றன. ஐபோனிலும் ஐபேடிலும் கணக்கில் நுழைந்தாலே அந்தப் பூட்டு திறந்துவிடும், ஆனால் கணினியில் கணக்கில் நுழைவதோடு அந்தக் கணினிக்கென்று தனியாக அங்கீகாரமும் கொடுக்க வேண்டும்.

மேக் கணினி என்றால் டிவி செயலியைத் திறந்து, திரையின் உச்சியில் உள்ள ‘அக்கவுண்ட்’ மெனுவில் ‘ஆத்தரைசேஷன்ஸ்’ என்பதற்குள் சென்று, ‘ஆத்தரைஸ் திஸ் கம்ப்யூட்டர்’ என்பதை அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மேக்கில் ஐடியூன்ஸ் கிடையாது என்பதால் அதைத் தேட வேண்டாம். விண்டோஸில் ஐடியூன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பெயர்களில்தான் மெனு இருக்கும். மெனு வரிசையே கண்ணில் படவில்லை என்றால் கன்ட்ரோல் விசையோடு ‘பி’ விசையைச் சேர்த்து அழுத்தினால் அது வெளிப்படும். விண்டோஸுக்கென வந்துள்ள ஆப்பிள் டிவி செயலியை நிறுவியிருந்தால் படங்கள் ஐடியூன்ஸை விட்டு அங்கே போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படத்தை எந்தக் கணக்கில் வாங்கினார்களோ அந்தக் கணக்கால்தான் கணினியை அங்கீகரிக்க வேண்டும். அண்ணன் அமெரிக்காவில் தன் கணக்கில் வாங்கிய படங்களை இங்கே அம்மாவின் கணினியில் போட்டுப் பார்க்கும் வீடுகள் சென்னையில் ஏராளம். அம்மாவின் கணக்கால் எத்தனை முறை அங்கீகரித்தாலும் அந்தப் படங்கள் ஓடா. ஒரே கணினியை இரண்டு கணக்குகளாலும் அங்கீகரிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அண்ணனின் கணக்கில் நுழையும்போது சரிபார்ப்புக்கான 6 இலக்க எண் அவருடைய கைப்பேசிக்குத்தான் போகும். அவர் மார்கழிக் கச்சேரிகளுக்கென்று ஊருக்கு வரும்போது, கணினி முன் அவரையே உட்கார வைத்துக் கடவுச்சொல்லைத் தட்டச் சொல்லிவிடுவதே நல்லது. தொலைபேசியில் கடவுச்சொல்லைச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஊக்குவிப்பதில்லை.

அங்கீகாரம் கொடுத்த பிறகும் கணினி அதையே திரும்பத் திரும்பக் கேட்டால், விண்டோஸில் ஐடியூன்ஸை ஒருமுறை நிர்வாகி உரிமையோடு திறந்து அங்கீகரித்துப் பாருங்கள். அங்கீகாரம் கிடைத்தும் பழைய விஜிஏ கம்பி வழியாகப் புரொஜெக்டரில் எச்டி படம் வராவிட்டால் குறை கம்பியில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட படங்களுக்கு எச்டிஎம்ஐ இணைப்பும், எச்டிசிபி என்னும் பாதுகாப்பை ஏற்கும் திரையும் தேவை.

இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அங்கீகாரம் கொடுக்க இணையம் வேண்டும். கொடுத்து, படத்தையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பிறகு பார்ப்பதற்கு இணையம் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டது, இணையம் வரவில்லை. படிக்கட்டின் கடைசி இரண்டு படிகள் இன்னும் தண்ணீருக்குள் இருந்த அந்த மாலையில், கூடத்தில் மடிக்கணினியை ஸ்டூல் மேல் வைத்து, எப்போதோ பதிவிறக்கி வைத்திருந்த பழைய படம் ஒன்றை அம்மா முழுவதுமாகப் பார்த்தார். 4கே தரத்தில் வாங்கிய படமும் பதிவிறக்கும்போது எச்டி தரத்தில்தான் இறங்கும் என்றாலும், அன்றைக்கு அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஒரு கணக்குக்கு 5 கணினிகள்தான் என்பது வரம்பு. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த எண்ணிக்கை எப்படிக் கரைகிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மேசைக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டதென்று அதைக் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துச் சென்று, ராம் என்னும் நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, விண்டோஸையும் புதிதாக நிறுவிக்கொண்டு வந்தேன். வீட்டில் மறுபடி அங்கீகாரம் கொடுத்தபோது, 2 என்றிருந்த எண்ணிக்கை 3 ஆகிவிட்டது. அதே பெட்டி, அதே மேசை, ஆனால் ஆப்பிளின் கணக்கில் அது இன்னொரு கணினி. கடைக்காரர் தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தார். கழற்றுவதற்கு முன் நான் செய்ய வேண்டியதைத்தான் செய்யவில்லை.

ஆகவே ராம் மாற்றுவது, டிஸ்க் மாற்றுவது, விண்டோஸை மறுபடி நிறுவுவது, எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது, விற்பது என எதுவானாலும், முதல் நாள் இரவே வீட்டில் இணையம் இருக்கும்போது அதே ‘ஆத்தரைசேஷன்ஸ்’ மெனுவில் ‘டிஆத்தரைஸ் திஸ் கம்ப்யூட்டர்’ என்பதை அழுத்தி அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். ஒரு கணினியின் அங்கீகாரத்தை அந்தக் கணினியிலிருந்து மட்டுமே விலக்க முடியும் என்பதால், கடைக்குப் போய்ச் சேர்ந்து டிஸ்க்கைக் கழற்றிய பிறகு நினைவு வந்து பயனில்லை.

கணினி ஏற்கெனவே கைமாறிவிட்டது, 5 இடங்களும் நிரம்பிவிட்டன என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேறொரு கணினியிலிருந்து உங்கள் கணக்கின் விவரப் பக்கத்தைத் திறந்தால், அங்கீகரிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையும், அதனருகே ‘டிஆத்தரைஸ் ஆல்’ என்ற பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாக் கணினிகளின் அங்கீகாரமும் ஒரே நேரத்தில் விலகும். இப்போது பயன்படுத்துபவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மறுபடி அங்கீகரித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறைதான் இதைச் செய்ய முடியும் என்பதால், அழுத்துவதற்கு முன் அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: கணக்கு அவருடையது என்றால் அவர் வீட்டுக் கணினியிலும் படம் நின்றுபோகும்.