முடிவு தெரிவதற்குள் கேளுங்கள்: துப்பறியும் தொடருக்குக் கருத்து திரட்டும் முறை

வாசகர் வட்டத்தில் ஒரு மாதம் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு வெப் தொடர் ஒன்றைப் பேச எடுப்பதாக இருந்தால், வேலூர்ப் பக்கத்துக்கு ‘சுழல்’ பொருத்தமான தேர்வு. 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கியது. முதல் பாகம் 8 எபிசோட். ஒரு பெண் பிள்ளை காணாமல் போகிறாள். அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளைத் திருவிழா ஒரு பக்கம் நடக்க, விசாரணை இன்னொரு பக்கம் நகர்கிறது. ஆண்டுதோறும் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை பார்க்கிற ஊரில் இந்தத் தொடருக்குக் கருத்துப் பஞ்சம் வராது. ஆனால் முடிவைப் பார்த்தபின் கேட்டால், பாதிப் பேர் “எனக்கு அப்பவே தெரியும்” என்பார்கள். அதை வைத்துத் தொடரை எடை போட முடியாது.

அதனால் மூன்று வாரமாகப் பிரியுங்கள்: முதல் வாரம் 1–3, அடுத்து 4–6, கடைசியில் 7–8. கடைசி இரண்டைப் பிரிக்க வேண்டாம். ஏழோடு நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அவரவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வரட்டும். ஒருவருடைய சந்தாவை வைத்து அரங்கில் திரை கட்டிப் போடக்கூடாது, தனிச் சந்தாவில் பொதுத் திரையிடலுக்கு உரிமை கிடையாது. வயதுக் குறியீட்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளோடு பார்க்கிற கதை இல்லை.

ஆளுக்கு அரை ஏ4 தாள் கொடுங்கள். பெயர் வேண்டாம், கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கம் போதும்; மூன்று வாரத் தாள்களையும் ஒருவருடையது என்று சேர்க்க அதுதான் வழி. இரண்டு இலக்கம் என்றால் இருபது பேரில் ஒருவருக்கொருவர் மோதும்.

மொத்தம் நான்கு கேள்விகள். இப்போது யார் மேல் சந்தேகம், ஒரே ஒரு பெயர். எந்தக் காட்சியில் அது வந்தது. எந்த இடத்தில் கை போன் பக்கம் போனது. நிஜத்தில் இப்படி நடக்காது என்று தோன்றிய இடம் எது. “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், “சூப்பர்” என்ற ஒற்றைச் சொல்தான் வரும். தாள்களை டீ வருவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் எல்லாத் தாளிலும் அவர் சந்தேகம்தான் இருக்கும்.

தாளின் மூலையில் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் குறியுங்கள்: டிவி, போன், வேலை செய்துகொண்டே. குடியாத்தம் பக்கத்தில் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டே பார்க்கிற பெண்களுக்குக் கண் இலையிலும் தூளிலும் இருக்கும், கதை காது வழியாகத்தான் போகும். வசனத்தில் வருகிற துப்பை அவர்கள் எவரையும் விட முந்திப் பிடிப்பார்கள். வசனமே இல்லாமல் கேமரா மட்டும் காட்டும் பொருள் தப்பிவிடும். “முடிவு திடீர்னு வந்துச்சு” என்று அவர்கள் எழுதினால், அது திரைக்கதையின் குறையா, பார்த்த விதமா என்று இந்தக் குறியை வைத்துத்தான் பிரிக்க முடியும். தெலுங்கு டப்பிங்கில் பார்த்தவர்களையும் தனியாகக் குறிக்கலாம். குரல் மாறினால் சந்தேகமும் இடம் மாறும்.

நாலாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் கூட்டத்தைச் சூடேற்றும். நடத்துகிறவர் கையில் சில விவரங்கள் இருக்கட்டும். “24 மணி நேரம் பொறுத்துப் பாருங்க” என்று போலீஸ் சொல்வது துப்பறியும் கதைகளில் பழகிய காட்சி. சட்டத்தில் அப்படி ஒரு காத்திருப்பே கிடையாது. குழந்தை காணவில்லை என்ற புகாருக்கு எஃப்ஐஆர் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. கடத்தல் என்றே கருதித்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போகும். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது: காட்பாடி ஜங்ஷனில் தொலைந்த பிள்ளைக்கு ஆரணி ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் வாங்க வேண்டும். மீட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அழைக்க 1098, ரயிலில் என்றால் 139.

திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொடரை மறந்துவிடுவார்கள். இங்கே மாசி அமாவாசையில், சிவராத்திரிக்கு மறுநாள், காளி வேடமிட்டு ஊர்வலமாகப் போய் மயானத்தில் சூறை விடுவதோடு (படையலை வாரி இறைப்பதோடு) பெரும்பாலும் முடிந்துவிடும். அங்காளம்மன் கோயில் உள்ள மேல்மலையனூரில் அது பல நாள் நடக்கும் மாசித் திருவிழாவில் ஒரு பகுதி. ஆகவே “தப்பாகக் காட்டியிருக்கிறார்கள்” என்று எழுதுகிறவரை எந்த ஊர் வழக்கத்தோடு ஒப்பிடுகிறார் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

உள்ளூரில் நிஜமாகவே காணாமல் போன பிள்ளையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் மெதுவாக நிறுத்துங்கள். விசாரணையில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காட்டும் பெயர், ஊர், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கிடைத்துவிட்ட பிள்ளையின் படம் ஆண்டுக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இந்த அஜாக்கிரதையால்தான்.

மதிப்பெண் வாங்கினால் சராசரி போடாதீர்கள். இருபது தாளில் பத்துப் பேர் 5, பத்துப் பேர் 1 என்றால் சராசரி 3 வரும். 3 கொடுத்தவர் ஒருவரும் இல்லை. எத்தனை பேர் எதற்கு என்று அப்படியே எழுதுங்கள். அறிக்கையில் முதலில் வாரவாரம் சந்தேகப் பட்டியல் எப்படி மாறியது என்பது வரட்டும், அதன் கீழே கோடு போட்டு, முடிவைப் பற்றிய கருத்துகள் தனியாக. தொடரைப் பார்க்காதவர் கோட்டோடு நின்றுகொள்வார்.